திங்கட்கிழமைக் கோளாறு

முழுக்கக் கெட்டுப்போன சாமானால் மனிதனுக்கு அவ்வளவாகத் தொந்தரவு இல்லை. அடியோடு நின்றுபோன கடிகாரத்தை நம்பி யாரும் ரயிலுக்குப் புறப்படுவதில்லை. ஓட்டைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு யாரும் கிணற்றடிக்குப் போவதில்லை. சில நாள் ஓடி, சில நாள் நிற்கிற சாமான் இருக்கிறதே, அதுதான் நம் புத்தியைச் சோதிப்பது. ஓடுகிற நாளில், “இதற்கு என்ன கேடு? நன்றாகத்தானே இருக்கிறது!” என்று தோன்றும். நிற்கிற நாளில், “யாரோ என்னமோ செய்துவிட்டார்கள்” என்று தோன்றும். இந்த இரண்டாவது எண்ணத்துக்கு இடம் கொடுத்து நான் ஒரு பெண்ணுக்குச் செய்த அநியாயத்தைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

2012-ஆம் வருஷக் கடைசியில் நான் இரண்டு மாத காலம் திருப்பூரில் தங்கியிருந்தேன். ஒரு வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுத ஒப்புக்கொண்டிருந்தேன். கதை நடக்கிற இடம் பனியன் கம்பெனி. அந்த ஊரிலேயே என் மைத்துனருக்கு ஒரு பனியன் கம்பெனி இருக்கும்போது, வேறெங்கேயோ உட்கார்ந்துகொண்டு பனியனைப் பற்றிக் கற்பனை செய்வானேன் என்று நினைத்தேன். மைத்துனரும், “வந்து தங்குங்க மச்சான். ஆபீஸ் ரூம்ல கம்ப்யூட்டர் இருக்குது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல நீங்களே வெச்சுக்குங்க” என்றார்.

திருப்பூரைப் பற்றி வாசகர்களுக்கு அதிகமாகச் சொல்ல வேண்டியதில்லை. கொடி காத்த குமரன் 1932 ஜனவரியில் உயிரை விட்ட ஊர். அதற்கும் முன்பே, 1925 வாக்கில் அங்கே முதல் பனியன் ஆலை ஏற்பட்டதாகச் சொல்வார்கள். எழுபதுகளின் கடைசியில் வெளிநாட்டு வியாபாரிகள் வர ஆரம்பித்தார்கள். நான் போன சமயத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எத்தனையோ பேர் மேனியில் நொய்யல் கரைத் துணி ஏறியிருந்தது. வீதிக்கு வீதி நிட்டிங், கட்டிங், ஓவர்லாக், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங் என்று ஒரே சத்தம். காற்றிலே எந்நேரமும் பஞ்சு. காலையில் துடைத்த மேஜையில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். அந்தப் பஞ்சைப் பற்றிப் பின்னால் மறுபடியும் சொல்கிறேன்.

அந்த வருஷம் ஊருக்கு நல்ல வருஷம் அல்ல. 2011 ஜனவரியில் சாயப் பட்டறைகளை மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. நொய்யல் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் அந்த உத்தரவைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் துணிக்குச் சாயம் போட வேறு ஊர் தேடி அலைந்த முதலாளிகளின் முகத்தையும் நான் பார்த்திருக்கிறேன். அந்த அடியிலிருந்து நிமிர்வதற்குள் மின்வெட்டு வந்து சேர்ந்தது. சென்னை தவிர மற்ற மாவட்டங்களில் 2012-இல் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் கரண்ட் இல்லாத நாட்கள் உண்டு. ஒரு மணி நேரம் இருக்கும். ஒரு மணி நேரம் போகும். ஜனங்கள் கரண்டை வைத்தே பொழுதைச் சொல்லப் பழகிவிட்டார்கள். “ரெண்டாவது தடவை கரண்ட் போனப்புறம் வாரேனுங்க” என்றால் சுமார் பதினொரு மணி என்று அர்த்தம்.

மைத்துனர் டீசல் ஜெனரேட்டர் வைத்திருந்தார். ஆனால் டீசல் விற்ற விலையில் அது தையல் மெஷின்களுக்கு மட்டுந்தான். ஆபீஸ் அறைக்குக் கிடையாது. “லைட் இல்லாட்டி ஜன்னலைத் திறந்துக்கலாம். மெஷின் நின்னா ஷிப்மென்ட் நின்னு போயிருமுங்க” என்பார். கம்ப்யூட்டருக்கென்று ஒரு யு.பி.எஸ். இருந்தது. அதன் பாட்டரி எப்போதோ காலமாகிவிட்டது. ஆகவே ஒவ்வொரு முறை கரண்ட் போகும்போதும் கம்ப்யூட்டர் சட்டென்று அணையும். வரும்போது மறுபடி போட வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு முறை, பத்து முறை.

இப்போது கதாநாயகனைப் பார்ப்போம். மேஜைக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டி. கோயம்புத்தூரில் வாங்கி ஏழு வருஷம் ஆயிற்று. அதற்குள்ளே அறுபது பேருடைய சம்பளக் கணக்கு, ஆர்டர் விவரங்கள், அளவுப் பட்டியல்கள், இவற்றோடு என் தொடர்கதையும் இருந்தன. அதன் வியாதி இப்படி: பொத்தானை அழுத்தினால் பச்சை விளக்கு எரியும். உள்ளே காற்றாடி விர்ரென்று சுற்றும். திரை மட்டும் அமாவாசை வானம் மாதிரி இருண்டு கிடக்கும். அணைத்துவிட்டு மறுபடி அழுத்தினாலும் அதே கதி. ஆறாவது தடவையோ பத்தாவது தடவையோ திடீரென்று ‘பீப்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அவ்வளவுதான், திரை வெளுத்து, கணக்குகள் எல்லாம் வந்து வரிசையாக நிற்கும். அதற்கப்புறம் கரண்ட் போகிற வரையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சில நாள் முதல் தடவையிலேயே எழுந்துவிடும். அன்றைக்கு மைத்துனர், “சரியாப் போச்சு பாருங்க” என்பார்.

‘யந்திரம் ஓடும்போது கெடும்’ என்று நாம் நினைக்கிறோம். பல யந்திரங்கள் உண்மையில் புறப்படும்போதுதான் கெடுகின்றன. 1946-இல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் ‘எனியாக்’ என்ற ராட்சசக் கம்ப்யூட்டரை உலகத்துக்குக் காட்டினார்கள். ஓர் அறையை அடைத்துக்கொண்டு நின்ற அதில் சுமார் 18,000 வால்வுகள். பழைய ரேடியோவில் இருக்குமே, அந்தக் கண்ணாடி வால்வுகள்தான். அவை அடிக்கடி பழுதாயின. எப்போது அதிகமாகப் பழுதாகின்றன என்று பார்த்தபோது, போடும்போது சூடேறுகிற வேளையிலும் அணைத்த பிறகு ஆறுகிற வேளையிலும்தான் என்று தெரிந்தது. ஆகவே முடிந்தவரை அதை அணைக்காமலே வைத்திருந்தார்கள். எங்கள் ஆபீஸ் பெட்டிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அது ஒரு நாளைக்குப் பத்து முறை பிறந்து பத்து முறை இறந்துகொண்டிருந்தது.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. முதலில் வந்த மெக்கானிக் பெட்டியைத் திறந்து, உலர்ந்துபோன பல்லி ஒன்றை வாலைப் பிடித்து வெளியே எடுத்தார். எல்லோரும், “அதானே பார்த்தோம்!” என்றோம். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் படுத்துவிட்டது. அடுத்து வந்தவர் ‘ரேம்’ என்கிற பட்டையைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பற்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உபயோகிக்கும் ரப்பரால் தேய்த்து மாட்டினார். உடனே ‘பீப்’. அவருக்கும் முன்னூறு ரூபாய். திங்கட்கிழமை மறுபடி அமாவாசை. கடைசியில் என் மாமியார், “கம்பெனி மேல கண்ணு பட்டிருக்குது” என்று ஒரு பூசணிக்காயைச் சுற்றி வாசலில் உடைத்தார். வாசலைக் கூட்டிவிட்டு உள்ளே வந்து பொத்தானை அழுத்தினால், முதல் தடவையிலேயே எழுந்தது! பல்லி, ரப்பர், பூசணிக்காய் மூன்றிலும் செலவு குறைவு பூசணிக்காய்க்குத்தான் என்று மைத்துனர் கணக்குப் போட்டுச் சொன்னார்.

சிரிக்கிறோம். ஆனால் விட்டு விட்டு வருகிற கோளாறின் தந்திரமே அதுதான். எப்படியும் அது சிறிது நேரத்தில் தானாக எழுந்துவிடும். கடைசியாக யார் என்ன செய்தார்களோ அவர்களுக்குப் பேர் கிடைக்கும். அதே மாதிரி, அது படுக்கிற நேரத்தில் பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்களுக்குப் பழி கிடைக்கும்.

பக்கத்தில் நின்றது கணக்கு எழுதுகிற பெண். தேனிப் பக்கத்துக் கிராமம். பி.காம். படித்துவிட்டு வந்து, ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். அதிகம் பேச மாட்டாள். நான் தினமும் தட்டி முடித்த அத்தியாயங்களை மறுநாள் காலையில் பத்திரிகைக்கு ஈமெயிலில் அனுப்புவதும் அவள் வேலைதான்.

திருப்பூரில் சனிக்கிழமை சாயங்காலம் என்பது சாமானியமான விஷயம் அல்ல. வாரச் சம்பளம் கைக்கு வருகிற நேரம் அது. மளிகைக் கடைக் கடன், வீட்டு வாடகைப் பாக்கி, ஊருக்கு அனுப்புகிற பணம், ஞாயிற்றுக்கிழமைக் கறி எல்லாம் அந்தக் கவரைப் பார்த்துத்தான். டிசம்பர் 15-ஆம் தேதி சனிக்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்குப் போன கரண்ட் எட்டு மணிக்குத்தான் வந்தது. அந்தப் பெண் பொத்தானை அழுத்தினாள். விளக்கு எரிந்தது, காற்றாடி சுற்றியது, திரை வெளுக்கவில்லை. பத்துத் தடவை. இருபது தடவை. வெளியே அறுபது பேர் நின்றார்கள். கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு செக்கிங் அம்மாள் படியில் உட்கார்ந்து குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். ஒன்பது மணிக்கு அந்தப் பெண் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு, ஷிப்ட் குறித்து வைத்த அட்டைகளை எடுத்துவரச் சொன்னாள். யார் ஒன்றரை ஷிப்ட், யார் இரண்டு ஷிப்ட், யாருக்கு எவ்வளவு முன்பணம் என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக் கழித்துக் கையாலேயே எழுதினாள். கடைசி ஆள் கவரை வாங்கும்போது மணி பதினொன்றே கால்.

அன்று இரவு சாப்பிடும்போது மைத்துனர் கோபமாக இருந்தார். அந்த நேரத்தில்தான் நான் வாயைத் திறந்தேன்.

நாவல் எழுதுகிறவர்களுக்கு ஒரு கர்வம் உண்டு. பிறர் மனசுக்குள்ளே என்ன இருக்கிறது என்று தங்களுக்குத் தெரியும் என்கிற கர்வம். அந்தப் பெண் அக்காளின் கல்யாணத்துக்காக நவம்பர் மாசம் ஒரு வாரம் லீவு கேட்டிருந்தாள். ஷிப்மென்ட் சமயம் என்று மைத்துனர் இரண்டு நாள்தான் கொடுத்தார். திரும்பி வந்தவள் ஜன்னல் ஓரமாக நின்று போனில் அழுததை நான் பார்த்தேன். அவள் திரும்பி வந்த வாரத்திலிருந்துதான் கம்ப்யூட்டரும் மக்கர் செய்ய ஆரம்பித்தது. இதற்கு மேல் ஒரு கதாசிரியனுக்கு என்ன வேண்டும்?

“மாப்பிள்ளை, யந்திரம் தானாகக் கெடுவது ஒரு மாதிரி, யாராவது கெடுப்பது ஒரு மாதிரி. அந்தப் பெண்ணுக்கு உங்கள் மேல் வருத்தம் இருக்கிறது. கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்” என்றேன்.

மைத்துனர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “நெசமாவா மச்சான்?” என்றார். நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூராவும் அதை யோசித்திருப்பார் போலிருக்கிறது. திங்கட்கிழமை காலையில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, ரிப்பேருக்கு ஆன 1,500 ரூபாயை மூன்று வாரமாகப் பிடித்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். அவள், “நான் ஒண்ணும் பண்ணலை சார்” என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். நான் செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தேன். அதாவது, படிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டிருந்தேன். அன்று இராத்திரி என் ஆறாவது அத்தியாயத்தை முடித்தேன். முதலாளி மேல் உள்ள ஆத்திரத்தில் கம்பெனி கம்ப்யூட்டரைக் கெடுத்து வைக்கிற ஒரு கணக்குக்காரப் பெண் அதிலே வருகிறாள். எழுதி முடித்ததும், மிகவும் உயிரோட்டமாக அமைந்துவிட்டதாக நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

புதன்கிழமை ஓர் இளைஞர் வந்தார். பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, “விண்டோஸ் அடி வாங்கியிருக்குது. ஃபார்மட் பண்ணிட்டாச் சரியாப் போயிரும்” என்றார். ஃபார்மட் என்றால் உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பது. மைத்துனர் சரி என்று சொல்ல வாயெடுத்தார்.

“வேண்டாம் சார்” என்றாள் அந்தப் பெண். குரல் நடுங்கியது, ஆனால் நிறுத்தவில்லை. “இது விண்டோஸ் வரைக்கும் போகவே மாட்டேங்குது. முதல் பீப்பே வரலையே. அதுக்கு முன்னாடியே நின்னுடுது. துடைச்சா கணக்குதான் போகும்.”

அவள் சொன்னது எவ்வளவு சரி என்பது எனக்குப் பிற்பாடுதான் விளங்கிற்று. கம்ப்யூட்டர் எழுவதை இங்கிலீஷில் ‘பூட்’ ஆவது என்கிறார்கள். தன் பூட்ஸின் வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்ற வேடிக்கைப் பேச்சிலிருந்து வந்த வார்த்தை. தட்டில் எழுதியிருப்பதைப் படிக்க ஒரு புரோகிராம் வேண்டும். அந்தப் புரோகிராமோ தட்டில்தான் எழுதியிருக்கிறது! இந்தச் சிக்கலுக்காகத் தாய்ப் பலகையிலேயே ஒரு சின்னப் புரோகிராமை அழியாதபடி பதித்து வைத்திருப்பார்கள். அது முதலில் விழித்து, ‘ரேம் இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா’ என்று தடவிப் பார்த்து, எல்லாம் இருந்தால் பல கம்ப்யூட்டர்களில் ‘பீப்’ என்று ஒரு குரல் கொடுக்கும். அதற்கப்புறம்தான் தட்டைத் தொடும். குரலே வரவில்லையென்றால் தட்டில் எழுதியிருப்பது விண்டோஸானாலும் சரி, என் நாவலானாலும் சரி, அதன்மேல் குற்றம் இல்லை.

அவள் குறுக்கிட்டிராவிட்டால் அறுபது பேர் கணக்கும் என் அத்தியாயங்களும் அன்றே போயிருக்கும். ஃபார்மட் நிறுத்தப்பட்டது. “எங்க ஹாஸ்டல் டி.வி.யைச் சரி பண்ணின அண்ணன் ஒருத்தர் இருக்கார். அவரைக் கூப்பிடட்டுமா?” என்று கேட்டாள். மைத்துனர் வேண்டாவெறுப்பாகச் சரியென்றார்.

வந்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஊத்துக்குளி ரோட்டில் ரேடியோ ரிப்பேரில் ஆரம்பித்து, டேப் ரிக்கார்டர், டி.வி., கம்ப்யூட்டர் என்று காலத்தோடு கூடவே நடந்து வந்தவர். பெட்டியை அவர் உடனே திறக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “என்ன ஆகுதுன்னு அப்புறம் சொல்லுங்க. எப்பெப்ப ஆகுது? அதை மொதல்ல சொல்லுங்க” என்றார்.

மைத்துனர், “எப்பப் பார்த்தாலும் ஆகுதுங்க” என்றார். நான், “ஒரு ஒழுங்கே இல்லை” என்றேன். அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் மேஜை இழுப்பறையைத் திறந்து, பழைய ஆர்டர் நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

பின்பக்கத்துத் தாள்களில் கோடு போட்டு ஐந்து கட்டங்கள். தேதி. மணி. அதற்கு முன் எவ்வளவு நேரம் கரண்ட் இல்லை. எத்தனை தடவை அழுத்தி எழுந்தது. அழுத்தியது யார். நவம்பர் கடைசியிலிருந்து நூற்றுக்கு மேல் பதிவுகள். பெரியவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். கால் மணிக்கு யாரும் பேசவில்லை.

“பாருங்க” என்றார் பிறகு. “அரை மணி நேரம் கரண்ட் போய் வந்தா, மொதத் தடவையிலேயே எந்திரிக்குது. ரெண்டு மணி போனா மூணு தடவை, நாலு தடவை. ராத்திரி பூரா நின்னுச்சுன்னா காலைல பத்துத் தடவை. ஞாயித்துக்கிழமை லீவு முடிஞ்சு திங்கக்கிழமை வந்தா, ரொம்ப மோசம். ஒழுங்கு இல்லைங்கறீங்களே, ரயில் டைம் மாதிரியில்ல இருக்குது!”

நான் கடைசிக் கட்டத்தைப் பார்த்தேன். அழுத்தியது யார்? ‘நான்’ என்று பல இடங்களில் இருந்தது. ‘முதலாளி’ என்றும், ‘ஆபீஸ் பையன்’ என்றும், ‘ரைட்டர் சார்’ என்றும் இருந்தது. திங்கட்கிழமைகளில் எல்லாம் ‘ஆபீஸ் பையன்’ என்றே இருந்தது. அவன் எட்டரை மணிக்கு வந்து கதவைத் திறந்து, கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்ப்பான். அவள் ஒன்பது மணிக்குத்தான் வருவாள். எல்லாவற்றிலும் மோசமாக அது படுத்த நேரங்களில் அவள் அந்த அறையிலேயே இல்லை.

“ஆறிப் போனா எந்திரிக்காது, சூடாயிருந்தா எந்திரிக்கும். பவர் சப்ளைல கோளாறு” என்றார் பெரியவர். அன்று அவர் ஒன்றும் செய்யவில்லை. “திங்கக்கிழமை காலைல வாரேன். அதுவரைக்கும் யாரும் ராவிப் பார்க்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

டிசம்பர் 24, திங்கட்கிழமை. மார்கழிப் பனி இன்னும் விலகவில்லை. காற்று கம்பெனிச் சந்தில் புகுந்து வந்தது. பெரியவர் ஒரு பழைய துணிப்பையிலிருந்து வேறொரு பவர் சப்ளையை எடுத்து வைத்துக்கொண்டார். முதலில் எங்களுடையதையே போட்டுப் பார்த்தார்: திரை வெளுக்கவில்லை. மூன்று தடவை, வெளுக்கவில்லை. கழற்றிவிட்டுத் தம்முடையதை மாட்டினார். ஒரே அழுத்து; ‘பீப்’.

“அப்பாடா!” என்று நான் எழுந்தேன். அவர் எங்கள் பவர் சப்ளையை மறுபடி எடுத்து மாட்ட ஆரம்பித்தார்.

“ஓடிவிட்டதே, எதற்குத் திரும்பவும் பழையதைப் போடுகிறீர்கள்?” என்று கேட்டேன்.

“பூசணிக்காய் ஒடைச்சப்பக்கூட ஓடுச்சாமுங்களே” என்றார், திரும்பிப் பார்க்காமல்.

பழையதை மாட்டினார், நின்றது. புதியதை மாட்டினார், எழுந்தது. இன்னொரு முறை பழையது, நின்றது. “இப்பச் சொல்லலாமுங்க” என்றார். நோயை நீக்கிக் காட்டியதோடு அவர் நிற்கவில்லை. அதைத் திரும்ப வரவழைத்தும் காட்டினார். எனக்கு முன்னால் வந்த மூன்று வைத்தியமும், என்னுடைய நாவல் வைத்தியமும், இந்தச் சோதனைக்கு நின்றிருக்க மாட்டா.

பிறகு காரணத்தைச் சொன்னார். பவர் சப்ளை என்பது சுவரிலிருந்து வருகிற 230 வோல்ட் மின்சாரத்தை வாங்கி, 12, 5, 3.3 என்று பொடி மின்சாரமாக மாற்றிக் கொடுக்கிற இலாகா. மாற்றிக் கொடுத்தால் மட்டும் போதாது. எல்லாம் ஆடாமல் அசையாமல் நிலைத்த பிறகு, சாம்பல் நிறக் கம்பி ஒன்றின் வழியாக, ‘சரியாக இருக்கிறது, ஆரம்பிக்கலாம்’ என்று தாய்ப் பலகைக்குச் சேதி அனுப்ப வேண்டும். பொத்தானை அழுத்திய அரை நொடிக்குள் போக வேண்டிய சேதி அது. அது வருகிற வரையில் மூளையாகிய சில்லு கண்ணைத் திறக்காது. காற்றாடிக்கு இந்த நியமம் ஒன்றும் கிடையாது. கொஞ்சம் மின்சாரம் கிடைத்தால் போதும், சுற்றும். எங்கள் பெட்டியில் விளக்கும் காற்றாடியும் எங்களை ஏமாற்றியது அப்படித்தான்.

பவர் சப்ளையை மின்சாரத்திலிருந்து பிடுங்கி வெகு நேரம் ஆனபிறகுதான் திறந்தார். அதற்குள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும் என்றும், தெரியாதவர்கள் அதைத் திறக்கவே கூடாது என்றும் எச்சரித்தார். மூடியை எடுத்ததும் எல்லோரும் ஒரு நிமிஷம் வாயடைத்து நின்றோம். உள்ளே தலையணை செய்யலாம் போலப் பஞ்சு. ஏழு வருஷமாகக் கட்டிங் அறையிலிருந்து பறந்து வந்த பஞ்சு. காற்றுப் போகிற வழியெல்லாம் அடைபட்டிருந்தது. அந்தப் பஞ்சுக்கு அடியில் நம் வீட்டு மின்விசிறியில் இருக்கிற கன்டென்சரின் ஜாதியைச் சேர்ந்த சின்ன உருளைகள் வரிசையாக நின்றன. தட்டையாக இருக்க வேண்டிய அவற்றின் தலைகளில் மூன்று, பூரி மாதிரி உப்பியிருந்தன. உருளைக்குள்ளே ஒரு திரவம் உண்டு. பத்து டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் பாதியாகக் குறையும் என்று இந்தத் தொழிலில் ஒரு கணக்குச் சொல்வார்கள். திரவம் உலர்ந்துபோன உருளை, ஆறிக் கிடக்கும்போது மின்சாரத்தைச் சரியாகத் தாங்காது. சிறிது சூடேறினால் ஒருவாறு தாங்கும். மறுபடி மறுபடி அழுத்தும்போது நாங்கள் செய்தது அதைச் சூடேற்றியதுதான்.

கம்பெனியின் பஞ்சே கம்பெனியின் கம்ப்யூட்டரைக் கெடுத்தது. கோளாறு பல மாசமாக உள்ளே வளர்ந்திருக்கும். மார்கழிக் குளிர் நெருங்கியதும், நீண்ட மின்வெட்டும் அதை வெளியே காட்டின. அக்காள் கல்யாணத்துக்கும் அதற்கும் இருந்த சம்பந்தம், இரண்டும் ஒரே மாசத்தில் வந்தன என்பதுதான்.

புதிய பவர் சப்ளைக்கு 700 ரூபாயும் தம் கூலியாக 200 ரூபாயும் வாங்கிக்கொண்டு பெரியவர் புறப்பட்டார். வாசலில் நின்று, “அந்த நோட்டு எழுதின பொண்ணு யாருங்க? நம்ம கடைக்கு அனுப்பறதுன்னா அனுப்புங்க” என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

மைத்துனர் கெட்டவர் அல்லர். பிடித்திருந்த முதல் 500 ரூபாயை அன்றே திருப்பிக் கொடுத்தார். “கோவத்துல சொல்லிட்டேன் அம்மணி. மனசுல வெச்சுக்காதே” என்றார். வெளிப்படையாகச் செய்த தப்பை வெளிப்படையாகவே தீர்த்துக்கொண்டார். என் தப்பு சாப்பாட்டு மேஜையில் மெதுவாகச் சொன்னது. அது அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அவள் புறப்படுகிற சமயத்தில், “நீ அந்த நோட்டை ஏன் முன்பே காட்டவில்லை, அம்மா?” என்று கேட்டேன்.

“முதலாளிகிட்ட ரெண்டு தடவை சொன்னேன் சார். உங்ககிட்டயும் ஒரு தடவை சொன்னேன். நீங்க எழுதிக்கிட்டு இருந்தீங்க” என்றாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கொஞ்சம் தயங்கி நின்றாள். பிறகு, “சார், உங்க ஆறாவது அத்தியாயத்தை நான்தான் மெயில்ல அனுப்பினேன். அதுல வர்ற பொண்ணு எதுக்கு அப்படிப் பண்றான்னு கடைசி வரைக்கும் சரியாச் சொல்லவே இல்லையே சார்” என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை. ஒரு வாசகி கேட்கிற மாதிரிதான் கேட்டாள். நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அப்போது கரண்ட் போய்விட்டது. இருட்டில், “மன்னித்துக்கொள்” என்று சொன்னேன். “பரவாயில்லை சார்” என்றாள். படி இறங்குகிற சத்தம் கேட்டது.

மறுநாள் பத்திரிகைக்குப் போன் செய்தேன். அந்த இதழ் அச்சுக்குப் போய்விட்டது என்றார்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனவள் திரும்பி இந்தக் கம்பெனிக்கு வரவில்லை. அவிநாசிப் பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் கூடுதல் சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டதாகப் பிற்பாடு தெரிந்தது. கேட்டதும் சந்தோஷமாக இருந்தது. ஆர்டர் நோட்டை அவள் இழுப்பறையிலேயே விட்டுப் போயிருந்தாள். புதிதாக வந்த கணக்குக்காரரும் அதில் தொடர்ந்து எழுத வேண்டும் என்று மைத்துனர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பெட்டியைத் திறந்து பஞ்சை ஊதி எடுக்கிற வழக்கமும் அந்தக் கம்பெனியில் அதன்பிறகு ஏற்பட்டது.

அந்தத் தொடர்கதை சில வருஷம் கழித்துப் புத்தகமாக வந்தது. ஆறாவது அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். அது இல்லாததால் கதைக்கு ஒரு குறையும் வரவில்லை என்று படித்தவர்கள் சொன்னார்கள். ஆனால் அந்த வாரத்துப் பத்திரிகை எத்தனையோ வீடுகளுக்குப் போய்விட்டது. எங்கேயாவது ஒரு பரணில், பழைய கட்டுக்களுக்கு நடுவே, செய்யாத குற்றத்தைச் செய்தபடி அந்தப் பெண் இன்னும் இருப்பாள். அதை என்னால் எடுக்க முடியாது.